கேடோ ஏரிப் பூங்காவில் ஒரு நாள்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை

டெக்சாஸின் கிழக்கு ஓரத்தில், லூசியானா எல்லையைத் தாண்டியும் பரந்து கிடக்கும் கேடோ ஏரியைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி ஏரியைத்தான் பார்த்தவர்கள். தண்ணீருக்குள்ளேயே வேரூன்றி நிற்கும் சைப்ரஸ் மரங்களும், அவற்றின் கிளைகளில் சடைசடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் என்ற செடியும் துடுப்புப் படகில் மெதுவாகப் போகிறவர்களுக்கே நெருக்கமாகப் புலப்படும். ஆகவே இந்தச் செய்முறையில் படகுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் வெயிலும் புழுக்கமும் கொசுவும் சேர்ந்து ஆளைச் சோர்வடையச் செய்துவிடும். ஊசியிலை மரமாக இருந்தும் இங்குள்ள சைப்ரஸ் குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்ப்பது. அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் வரை அதன் இலைகள் துருவின் நிறத்துக்கு மாறும். அந்த வாரங்களில் ஒரு வேலைநாளில் விடுப்பெடுத்துச் செல்வதே என் பரிந்துரை. பத்துக் குடும்பமாகக் கூடிச் சென்றால் சுற்றுலா நன்றாக இருக்கும், ஆனால் ஏரியின் அமைதி கிடைக்காது.

படி 2: முன்பதிவு செய்யுங்கள். பூங்காவை நடத்தும் டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடலாம். 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. இரவு தங்குவதானால் கூடார இடத்தையோ மரக்குடிலையோ சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். குடில்கள் முதலில் தீர்ந்துவிடும். பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 1930களில், வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு தொடங்கிய இயற்கைவளப் பாதுகாப்புப் பணிப்படையினர் (Civilian Conservation Corps) அமைத்தவை அவை. வாடகைப் படகு அன்று கிடைக்குமா என்பதையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: பையைத் தயார் செய்யுங்கள். குடிநீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, நனைந்தாலும் கவலையில்லாத செருப்பு, தண்ணீர் புகாத ஒரு பை ஆகியவை போதும். கட்டுச்சோறு கொண்டுபோனால் மதியம் கடை தேடி அலைய வேண்டியதில்லை. கைப்பேசியில் சிக்னலை நம்ப வேண்டாம் என்பதால், ஏரியின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: காலையிலேயே போய்ச் சேருங்கள். டாலஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 20இல் கிழக்கே மார்ஷல் வரை சென்று, அங்கிருந்து 43ஆம் எண் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். அருகிலுள்ள கார்னாக் என்ற சிற்றூரில்தான் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் 1912இல் பிறந்தார். பூங்கா அலுவலகத்தில் அனுமதிச்சீட்டைப் பெறும்போதே, எந்த நீர்வழி அன்று களையால் அடைபட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: படகில் ஏறுங்கள். முதல் முயற்சிக்கு, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சா மில் பாண்ட் என்ற அமைதியான நீர்ப்பகுதி ஏற்றது. ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்; 13 வயதுக்குக் குறைந்தவர்கள் இத்தகைய சிறு படகில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். என் கருத்தில் பெரியவர்களும் அணிவதே நல்லது.

படகின் நடுக்கோட்டில் காலை வைத்து, இரு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே ஏறி உட்காருங்கள். பெரும்பாலும் படகு கவிழ்வது நிமிர்ந்து நிற்கும்போதுதான். நான் ஒருமுறை படம் எடுக்க எழுந்து, கைப்பேசியை மட்டும் ஏரிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இருவர் செல்லும்போது எடை கூடியவர் பின்னால் இருந்து திசை பார்க்கட்டும். முன்னால் இருப்பவர் ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் பின்னால் இருப்பவர் மறுபக்கம் போட வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும் என்பதைப் பத்து நிமிடத்தில் கை பழகிக்கொள்ளும். சைப்ரஸின் வேர்களிலிருந்து எழும் 'முட்டிகள்' தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். மரத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள்.

பெரிய ஏரிக்குள் போகிறவர்கள் வழி தவறுவது எளிது, ஏனெனில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே மாதிரி மரங்கள்தான். 'படகுச் சாலை' எனப்படும் நீர்வழிகளில் எண்ணிட்ட பலகைகள் நடப்பட்டிருக்கின்றன. கடக்கும் ஒவ்வோர் எண்ணையும் குறித்துக்கொண்டு, முதலில் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

படி 6: முதலைகளுக்கு இடம் விடுங்கள். இங்கே அலிகேட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம். உணவுக்குப் பழகிய முதலை மனிதரைக் கண்டு அஞ்சுவதை விட்டுவிடும் என்பதே காரணம். குறைந்தது 30 அடி விலகியிருங்கள். நீந்தும் எண்ணத்தை வேறொரு ஏரிக்கு ஒதுக்கிவையுங்கள்.

படி 7: தூண்டில் போடலாம். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் கரையிலிருந்து மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை. படகிலிருந்து பிடிப்பதானால் விதிகள் வேறு, அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 8: படகைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். அவசரத்தில் பலர் தவிர்த்துவிடும் படி இது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ராட்சத சால்வீனியா என்னும் மிதக்கும் களை, உகந்த வெப்பத்தில் ஒரு வாரம் அளவிலேயே இரட்டிப்பாகி, நீர்ப்பரப்பைப் பாய் விரித்ததுபோல் மூடி, அடியில் வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் குறைத்துவிடுகிறது. இலங்கையின் குளங்களையும் கேரளத்தின் காயல்களையும் அடைத்த அதே செடிதான் இது. அதைத் தின்னும் சிறு வண்டுகளை இங்கே ஏரியில் விட்டு வருகிறார்கள். சொந்தப் படகு கொண்டுவந்தவர்கள் ஒட்டியுள்ள செடியைக் களைந்து, தேங்கிய நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு நீர்நிலையில் இறக்க வேண்டும்.

இரவு தங்குகிறவர்கள் விறகைக் காட்டில் பொறுக்காமல் விலைக்கு வாங்குங்கள். விழுந்த கிளையையும் எடுக்கக்கூடாது. இரவு 10 மணிக்குமேல் பாட்டுப்பெட்டிக்கு வேலையில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கரையில் சிறிது நேரம் உட்கார்ந்தால், தவளைகளின் சத்தத்துக்கு நடுவே எங்கோ ஓர் ஆந்தையின் குரலும் கேட்கக்கூடும்.