டர்போ மாட்டுமுன் கம்ப்ரஷனைப் பாருங்கள்

தாப்பா, பீடோர் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய புரோட்டோன் காடியை வாங்கியதும் முதலில் தேடுவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிட். ஆசையில் தப்பில்லை. எஞ்சினின் கம்ப்ரஷன் எவ்வளவு, அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்று கேட்காமலேயே காசைக் கட்டிவிடுகிறார்கள், வினை அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண 1.6 கேம்ப்ரோ எஞ்சினுக்கு கம்ப்ரஷன் 10:1. அதே குடும்பத்தில் சிஎஃப்இ டர்போ எஞ்சினைச் செய்தபோது புரோட்டோன் அதை 8.9:1 ஆக இறக்கியது. நாம் இறக்காமல் டர்போ மாட்டினால் தாங்கும் எல்லை ரொம்பக் குறுகிவிடும். உள்பாகம் எதையும் மாற்றாத எஞ்சினுக்கு 0.3, 0.4 பார் பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் அழுத்தம்) போதும், அதுவும் நல்ல டியூனிங்கோடு. நண்பன் 1 பாரில் ஓட்டுகிறான் என்றால் அவன் பிஸ்டனும் ராடும் மாற்றியிருக்கலாம். கிட் வாங்கும்போதே, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் எத்தனை பார் என்று கேளுங்கள். 0.7 ஸ்பிரிங் போட்டுவிட்டு பூஸ்ட் கன்ட்ரோலரால் 0.4க்கு இறக்க முடியாது.

டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் என் கண்ணுக்குப் பெரிய தவறு. நம் ஊர் மத்தியான வெயிலில் 34 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 0.5 பார் அழுத்தத்தில் டர்போவை விட்டு வெளியே வரும்போது 90 டிகிரியை நெருங்கிவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போய் அங்கே பத்து மடங்கு அமுங்கினால், மிச்ச பெட்ரோல் தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங். கேட்டால், தகரத்தில் கோலிக்குண்டு உருட்டுவது போல இருக்கும். ஆனால் பெரிய எக்ஸாஸ்ட் போட்ட காடியில் அது காதுக்கே எட்டாது.

அதனால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் துகள்களோ ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றே பூஸ்ட்டை நிறுத்துங்கள். அடுத்து உடைவது ரிங் உட்காரும் விளிம்புதான், பிறகு எஞ்சினையே இறக்க வேண்டும். டர்போ மாட்டும்போது ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டு, இடைவெளியையும் கொஞ்சம் குறையுங்கள்.

ரோன் 97 பெட்ரோல் ஊற்றி டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் 95 ஊற்றுவது இன்னொரு தவறு. காசுக் கஷ்டம் புரிகிறது. அப்படியென்றால் முதலிலேயே 95க்கு டியூன் செய்யச் சொல்லுங்கள், பவர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சமதரையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஓகே" என்றும் சொல்லிவிடாதீர்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் எஞ்சின் ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டே போகும், சூடு அங்கேதான் சேரும். டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், கூடுதலாக முந்தியிருந்தால் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சினை இயக்கும் கணினியான பழைய இசியுவை அப்படியே வைத்துக்கொள்வதும் ஆபத்து. டர்போ இல்லாத காடியின் மேப் சென்சார் பெரும்பாலும் வெளிக்காற்று அழுத்தம் வரைதான் அளக்கும். பூஸ்ட் ஏறியது அதற்குத் தெரியாது, பெட்ரோலைக் கூட்டாது, டைமிங்கைக் குறைக்காது. டியூன் செய்யக்கூடிய இசியு, அளவு போதுமான இன்ஜெக்டர், பம்ப், காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இவையெல்லாம் பூஸ்ட்டுக்கு முந்திய செலவு. முழு பூஸ்ட்டில் மீட்டர் 11.5இலிருந்து 12க்குள் நிற்க வேண்டும். 13ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள்.

ஆயில் திரும்பும் குழாயை ஃபோர்மேன் எப்படி மாட்டியிருக்கிறார் என்று நீங்களே குனிந்து பாருங்கள். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்துதான் எஞ்சின் அடியிலுள்ள சம்ப்புக்கு இறங்கும், அதைத் தள்ளிவிடும் அழுத்தம் அங்கே கிடையாது. குழாய் பெருசாக, மடிப்பில்லாமல், முழுக்கச் சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீல் கசிந்து நீலப்புகை வரும், டர்போ போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குவீர்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியையும் வேலை தொடங்குமுன்னே கேட்டுவிடுங்கள்.