சில்லுப் பெயாரிங்கில் கிறீஸும் சீலும்: என் அனுபவம்

மணற்காட்டு மணலில் பந்தயப் பயிற்சி முடிந்தபின், மருமகனின் மோட்டார் சைக்கிளில் முன்சில்லு இரையத் தொடங்கியது. சில்லைச் சுழலவிட்டுத் தாங்கும் குண்டுவளையமான பெயாரிங்கை மூடி, நீரும் மணலும் புகாமல் தடுக்கும் வளையமான சீலைக் கழற்றியபோது உப்புநீர் கலந்து கிறீஸ் பால்போல வெளுத்திருந்தது. துருவேறிய பெயாரிங்கை மாற்றியே ஆகவேண்டியிருந்தது. பின்சில்லின் பெயாரிங் நல்ல நிலையில் இருந்ததால், அதனை மண்ணெண்ணெயில் கழுவி நன்கு உலர்த்தி, நீரை எதிர்க்கும் கல்சியம் சல்பனேற்று கிறீஸை அதன் உள்ளேயுள்ள வெற்றிடத்தின் மூன்றிலொரு பங்களவுக்கு மட்டும் இட்டேன்; நிரப்பி அடைத்தால், அதிவேகத்தில் அது கடையப்பட்டுச் சூடேறி, சீலைத் தாண்டி வெளியேறிவிடும். பழைய கிறீஸ் எஞ்சக்கூடாது, ஒவ்வாத வகைகள் கலந்தால் இரண்டுமே கெடும். புதிய பெயாரிங்கை வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தி இறக்கவேண்டும்: உள்வளையத்தில் தட்டினால், விசை குண்டுகளினூடாகச் சென்று அவை உருளும் பாதையைப் பள்ளமாக்கும். சீலின் உதடு எனப்படும் உள்விளிம்பிலும் சிறிது கிறீஸ் பூசினேன். வறண்ட உதடு விரைவில் தேய்ந்து மணலை உள்ளே விடும்.