தாத்தாவின் பட்டாளப் படத்தில் பதவியைக் கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளைக்காரர் காலத்து இந்தியப் பட்டாளப் படம் என்றால், முதலில் முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பழைய படம் எதைக் காட்டினாலும் "சுபேதார் தாத்தா" என்பார்கள். பாதிப்பேர் அதைவிடத் தாழ்ந்த ஹவில்தார்தான்.

சட்டைக் கையில் வி வடிவப் பட்டைகள் இருந்தால் அவர் அதிகாரி இல்லை: இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதார், இரண்டு சுபேதார், கிரீடம் சுபேதார் மேஜர். குதிரைப்படையில் சுபேதாருக்குப் பதில் ரிசல்தார். இது 20-ஆம் நூற்றாண்டுப் படங்களுக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய சீருடை வேறு கதை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வெள்ளைக்கார லெப்டினன்டுக்கும் அதே இரண்டு நட்சத்திரம்தான். ஆனால் நரைத்த மீசை சுபேதார் மேஜர்கூட நேற்று வந்த வெள்ளைக்காரப் பையனுக்குக் கீழேதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்புப்படி. சுபேதார் ஆவதற்குள் கிழடு தட்டிவிடும்.

அப்புறம் காகிதங்கள். பெயருக்குப் பின்னால் 'சர்தார் பகதூர்' என்றிருந்தால் விடாதீர்கள். 1837-இல் ஏற்படுத்திய 'ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' விருதின் முதல் வகுப்பு அது. வெறும் 'பகதூர்' இரண்டாம் வகுப்பு. 'நாயிப் சுபேதார்' என்றிருந்தால் அது சுதந்திரத்துக்குப் பிந்தைய காகிதம். ஜமேதார் பதவிக்கு வந்த புதுப்பெயர். வெறும் 'ஜமேதார்' என்றிருந்தால் படைப்பிரிவின் பெயரையும் தேடுங்கள். கலெக்டர் ஆபீஸ் தலைமைச் சேவகரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.