டிரெஸ்டன் ஃபிராவென்கிர்கே: அதைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போய் வந்தவர்களின் பயணக் குறிப்புகளில் இந்தத் தேவாலயத்தைப் பற்றி ஒரு வரி அடிக்கடி வரும்: "1945இல் குண்டு விழுந்து தரைமட்டமானது." முதலில் விட வேண்டியது இந்த வரியைத்தான்.

1945 பிப்ரவரி 13 இரவும் மறுநாளும் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் நகரைத் தாக்கின. சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் எரிந்தபோதும் ஃபிராவென்கிர்கே நின்றது. அது சரிந்தது 15ஆம் தேதி காலையில்தான். ஜன்னல்கள் வழியே தீ உள்ளே புகுந்து மர மாடங்களையும் இருக்கைகளையும் பிடித்துக்கொண்டது. மணற்கல் தூண்கள் மணிக்கணக்கில் சூடேறி வலுவிழந்தன. ஒரு கட்டத்துக்கு மேல் அவற்றால் குவிமாடத்தைத் தாங்க முடியவில்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டடத்தின் மிக முக்கியமான விஷயமே விட்டுப்போகிறது. இதைக் கட்டிய கியோர்க் பேர், தச்சு வேலையிலிருந்து வந்தவர். 1726இல் வேலை தொடங்கியது. குவிமாடத்துக்கு மரச்சட்டம் போட்டு மேலே செம்புத் தகடு வேய்வதுதான் முதலில் இருந்த யோசனை. கியோர்க் பேர் அதையும் கல்லிலேயே கட்டுவதில் உறுதியாக இருந்தார். சுமார் 12,000 டன் எடை உள்ளே நிற்கும் எட்டுத் தூண்கள் வழியாகவும் வெளிச்சுவர்கள் வழியாகவும் பகிர்ந்து இறங்கும் என்பது அவர் கணக்கு. நடைமுறையில் தூண்கள் மீது அவர் நினைத்ததைவிட அதிகச் சுமை விழுந்தது, விரிசல்களும் வந்தன. 1738இல் அவர் இறந்துபோனார். வேலை 1743இல்தான் முடிந்தது. ஆனாலும் 1760இல் பிரஷ்யப் படையின் பீரங்கித் தாக்குதலைக் குவிமாடம் தாங்கி நின்றது. அப்படிப்பட்டதை வீழ்த்தியது வெப்பம். அதனால்தான் 1994இல் தொடங்கிய மறுகட்டுமானத்தில் தூண்களுக்கு இன்னும் வலுவான மணற்கல்லைத் தேடிப் பிடித்தார்கள், குவிமாடம் வெளிப்பக்கம் தள்ளும் விசையை அடக்க எஃகு வளையமும் போட்டார்கள்.

அடுத்தது, சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும் கறுப்புக் கற்கள். "தீயில் கருகியவை" என்று காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை இடிபாட்டிலிருந்து எடுத்து மீண்டும் வைத்த பழைய கற்கள் என்பது சரி. ஆனால் நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் தீ அல்ல. எல்பே ஆற்றுப் பகுதியின் மணற்கல்லில் இரும்புச்சத்து உண்டு. காற்றும் மழையும் பட்டுப்பட்டு அது தானாகவே கறுக்கும். இன்று வெளிர்மஞ்சளாக இருக்கும் புதிய கற்களும் ஒரு நாள் அப்படித்தான் ஆகும்.

மாதாவின் பெயரைத் தாங்கியிருப்பதால் (ஃபிராவென்கிர்கே என்றால் மாதா கோவில்) இதைக் கத்தோலிக்கப் பேராலயம் என்று எழுதிவிடுவதும் உண்டு. இது புராட்டஸ்டண்ட் பிரிவான லூத்தரன் சபையின் கோவில். பழைய கோவிலின் பெயர் லூத்தரின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்த நகரம் இருக்கும் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் போலந்து மகுடத்துக்காக 1697இல் கத்தோலிக்கராக மாறினார், மக்கள் மாறவில்லை. அந்த நகர மக்களின் கோவில் இது. உள்ளே நீண்ட மண்டபம் இல்லாமல் வட்டமாக, மாடத்துக்கு மேல் மாடமாகக் கட்டியதும் எல்லோரும் பிரசங்கம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். (தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊர். நம் ஊர் லூத்தரன் சபைகளின் வேர் இந்த வட்டாரத்தைத் தொடுகிறது.)

கிழக்கு ஜெர்மனி அரசு இடிபாட்டைச் சும்மா போட்டுவைத்தது என்று ஒரே வரியில் கடந்துபோவதும் நியாயம் இல்லை. பாரம்பரியக் காப்பாளர்கள் போராடியதால்தான் கற்குவியல் அள்ளப்படாமல் தப்பியது. 1966இல் அது போர் நினைவிடமானது. 1982 பிப்ரவரி 13 அன்று இளைஞர்கள் அங்கே மெழுகுவர்த்தியோடு கூடினார்கள். அந்த நாட்டில் அதற்குத் தைரியம் வேண்டும். அப்புறம், இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கற்களை ஒவ்வொன்றாக அளந்து, படமெடுத்து, முடிந்தவரை பழைய இடத்திலேயே வைத்தார்கள். 1994இல் தொடங்கிய வேலை 2005 அக்டோபர் 30 அர்ப்பணிப்போடு நிறைவடைந்தது. உச்சியில் உள்ள சிலுவையை உருவாக்கிய லண்டன் பொற்கொல்லரின் தந்தை, டிரெஸ்டனைத் தாக்கிய விமானங்களில் ஒன்றில் இருந்தவர். இதையெல்லாம் தெரிந்த பிறகு "இது வெறும் நகல்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதற்காக உள்ளே இருப்பதெல்லாம் பழையது என்றும் எண்ண வேண்டாம். இசையமைப்பாளர் பாக் 1736 டிசம்பர் 1 அன்று இங்கே வாசித்தது காட்ஃப்ரீட் சில்பர்மான் செய்த ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவியில். அது 1945இல் அழிந்தது. இப்போது ஒலிப்பது ஸ்ட்ராஸ்பர்க்கின் டேனியல் கெர்ன் செய்த புதிய ஆர்கன். முகப்பு மட்டும் பழைய வடிவம். சில்பர்மானின் கருவியைக் கேட்க விரும்பினால் சில நிமிடம் நடந்து கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் போங்கள். அவருடைய கடைசி ஆர்கன் அங்கே இருக்கிறது. போரின்போது குழாய்களை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் தப்பியது.