சிடியும் எம்பி3-யும் ஓடும் பழைய டிஸ்க்மேன்: வாங்கும் முன் இதையெல்லாம் சோதியுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் பாத்திரத்துக்கும் பழைய மரச்சாமானுக்கும் நடுவில் சில சமயம் ஒரு டிஸ்க்மேன், அதாவது கையில் எடுத்துப்போகும் சிடி பிளேயர், கண்ணில் படும். கடைக்காரரிடம் கேட்டால் சிடியும் ஓடும், எம்பி3-யும் ஓடும் என்பார். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் எந்த சிடி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதனால் உங்கள் வீட்டு சிடிகளையே கொண்டுபோங்கள்: ஒரு ஒரிஜினல் ஆடியோ சிடி, கம்ப்யூட்டரில் ரைட் செய்த சிடி-ஆர் ஒன்று, எம்பி3 நிரப்பியது ஒன்று, இருந்தால் அழித்து அழித்து மறுபடி ரைட் செய்யும் சிடி-ஆர்டபிள்யூ ஒன்று. ஒரிஜினல் சிடி தன்மேல் விழும் லேசரில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூவோ 15 முதல் 25 வரைதான், ஆகவே லேசர் சோர்ந்துபோன பிளேயர் முதலில் திணறுவது அதில்தான். பழைய மாடல்கள் சில ஆர்டபிள்யூவைப் படிக்கவே படிக்காது, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். சிடி-ஆரையும் 'நோ டிஸ்க்' என்று துப்பினால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுவது, தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்புக்கு வரும்போது 200 என்று வேகம் குறைந்துகொண்டே வரும். லென்ஸ் நகரும் தண்டில் பிசுக்கு ஏறியிருந்தால் கடைசிப் பாட்டில்தான் தெரியும். எனவே நிறைந்த சிடியாகப் போட்டு, முதலிலிருந்து கடைசிக்கும் அங்கிருந்து நடுவுக்கும் தாவிப் பாருங்கள்.

அப்புறம் ஓடும்போதே கையில் எடுத்து லேசாக ஆட்டுங்கள். பிளேயர் பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வதால்தான் தேவகோட்டை பஸ்ஸின் குலுக்கலிலும் தாவாமல் பாடுகிறது. இப்படி எத்தனை வினாடி படித்து வைக்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் கணக்கு பெரும்பாலும் எம்பி3-க்கானது. 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3, ஆடியோ சிடியின் தகவலில் கிட்டத்தட்ட பதினொன்றில் ஒரு பங்கு, அதே இடத்தில் அவ்வளவு அதிக நேரம் அடங்கிவிடும். நீங்கள் ஆடியோ சிடிதான் கேட்பீர்கள் என்றால் அதற்கான எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம். கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரத்தைத் துண்டு துண்டாக ரைட் செய்து வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் உண்டு. ஆலாபனை ஒரு டிராக்கில் தொடங்கி அடுத்ததில் தொடரும். ஆடியோ சிடியாக ரைட் செய்யும்போதே இடைவெளி விடாமல் செய்திருந்தால் அறுபடாமல் வரும். அதையே எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும், பல பிளேயர்களுக்கு அதை நீக்கத் தெரியாது, சரியாக ராகம் உச்சியில் நிற்கும் இடத்தில் பட்டென்று அறுந்து மறுபடி தொடங்கும். இதை உங்கள் சிடியை வைத்தே காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பென்டிரைவ் போடும் புது மாடல் என்றால் கம்ப்யூட்டரில் எஃப்ஏடி32 (FAT32) என்ற வகையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்து கொண்டுபோங்கள். ஃபைல் பெயர்களை 01, 02 என்று ஆங்கிலத்தில் தொடங்குங்கள், தமிழ்ப் பெயர் பல திரைகளில் கேள்விக்குறியாகத்தான் தெரியும்.

பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். ஹெட்போன் பின்னைச் சொருகி மெல்லத் திருகும்போது ஒரு காது செத்துப்போனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், சால்டர் வைத்தால் சரியாகிவிடக்கூடியதுதான். அடாப்டர் இல்லாமல் கொடுத்தால், கிடைத்ததைச் சொருகாமல் பிளேயரில் எழுதியிருக்கும் வோல்டேஜையும், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.