பிள்ளை பிறந்ததும் ஓ.ஏ.பி. நின்றுபோச்சா? மாற்றுத்திறனாளித் தாய்மார்கள் செய்யும் தவறுகள்

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். பிறவியிலேயே இரண்டு கால்களிலும் வலுவில்லை. உட்கார்ந்தபடி பீடி சுற்றிப் பிழைப்பவள். மடியில் நான்கு மாதக் குழந்தை. "அக்கா, புள்ள பொறந்ததும் ஓ.ஏ.பி.ய நிறுத்திட்டாங்க. ஆபீஸ்ல கேட்டா பணம் போயிட்டுதான் இருக்குன்றாங்க, பேங்க்ல கேட்டா வரலன்றாங்க" என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் எந்த உதவித்தொகையையும் ஓ.ஏ.பி. என்றுதான் சொல்வோம். முதியோர் பணமோ விதவைப் பணமோ மாற்றுத்திறனாளிப் பணமோ, பெயர் ஒன்றுதான். நானும் இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் போனவள், இரண்டு பிள்ளை பெற்றவள். குடியாத்தத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அதனால் வந்தவளிடம் முதலில் ஒன்றுதான் கேட்டேன்: "புதுசா ஏதாவது கணக்கு ஆரம்பிச்சியா?"

ஆரம்பித்திருந்தாள். பேறுகால உதவிப் பணம் வாங்க, பிரசவத்துக்கு முன்னால் தாய்வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு. அந்தப் பாஸ்புக்கை அவள் ஒருமுறைகூட என்ட்ரி போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் போட்டுப் பார்த்தால், மாதம் 1,500 வீதம் நான்கு மாதப் பணம், 6,000 ரூபாய், அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பிள்ளை பிறப்பதால் மாற்றுத்திறனாளி உதவித்தொகை நிற்பதில்லை. அது ஊனத்தின் சதவீதத்தைப் பார்த்துக் கொடுப்பது, பிள்ளையின் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. ஆனால் பிள்ளைப்பேறு என்று வந்தால் நம் பெண்கள் இடம் மாறுகிறார்கள், கணக்கு மாறுகிறது, இனிஷியல் மாறுகிறது, சில சமயம் மாவட்டமே மாறுகிறது. காகிதங்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பணம் சிக்கிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

புதுக் கணக்கு

மேலே சொன்ன பெண்ணுக்கு நடந்தது இதுதான். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். கணக்கு எண்ணைப் பார்க்காது. புதுக் கணக்கு ஆரம்பிக்கும்போது, "ஆதார் லிங்க் பண்ணட்டுமா?" என்று கேட்பார்கள். நாமும் தலையை ஆட்டிவிடுவோம். அந்தத் தலையாட்டலில் பழைய உதவித்தொகையும் வண்டி மாறிவிடும்.

எனவே ஏற்கெனவே உதவித்தொகை வரும் கணக்கு உங்கள் தனிப் பெயரில் இருந்தால், பேறுகால உதவிக்கும் அதையே கொடுங்கள். மாமியாரோடு, கணவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கைக் கொடுக்காதீர்கள். தாய் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். புதிதாகத் தொடங்கியே தீர வேண்டும் என்றால், ஆதார் இப்போது எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை இ-சேவை மையத்தில் ஆதார் இணையதளம் வழியாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பணம் வரவில்லை என்று தாலுகா ஆபீஸ் படியேறும் முன், வீட்டில் இருக்கும் எல்லாப் பாஸ்புக்கையும் என்ட்ரி போட்டுவிடுங்கள். ஊன்றுகோலோடு படியேறும் நமக்கு ஒரு நடை மிச்சமானாலும் லாபம்தானே.

இந்த 1,500 ரூபாய் வருவாய்த் துறை வழியாக வருவது. 2023 ஜனவரிக்கு முன் 1,000 ஆக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை வேறு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, முதுகுத்தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள் போன்றோருக்கு மாதம் 2,000. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. பிள்ளை பிறந்த செலவுக்கு ஆகட்டும் என்று ஒன்று இருக்கும்போதே இன்னொன்றுக்கும் எழுதிப் போடுபவர்கள் உண்டு. பின்னால் திரும்பக் கட்டச் சொன்னால் கைக்குழந்தையோடு அலைவது அவர்கள்தான்.

தாய்வீட்டுக்குப் போன கதை

தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்தால், குழந்தைக்கு மூன்றோ ஐந்தோ மாதம் ஆகும்வரை பெண் அங்கேதான். இதற்கிடையில் புகுந்த ஊரில் தணிக்கை என்று யாராவது வந்தால், பக்கத்து வீட்டார் நல்லெண்ணத்தோடே, "அந்தப் பொண்ணு இங்க இல்லீங்க, போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பதிவேட்டில் அது 'முகவரியில் இல்லை' என்று ஆகிவிட்டால், அதைத் திருத்த ஒரு மனு, ஒரு விசாரணை, பல மாதக் காத்திருப்பு. கிளம்பும் முன் வி.ஏ.ஓ.விடம், "பிரசவத்துக்குப் போறேன், இந்த நம்பர்ல இருப்பேன்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், மாவட்டம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு ஆகியவை வேலூரோடு. எங்கள் பாட்டி சாகும்வரை 'வடாற்காடு ஜில்லா' என்றே சொன்னார், அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஆற்காட்டில் பிறந்து காட்பாடியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் 'வேலூர் மாவட்டம்' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மாவட்டம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். பெயரோ ராணிப்பேட்டைக் கணக்கில் கிடக்கும். எந்த மாவட்டப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நிரந்தரமாகக் குடிமாறிவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்காக மட்டும் போயிருந்தால் மாற்றாதீர்கள். திரும்பி வந்ததும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

அடையாள அட்டையைக் கையில் எடுக்கும்போதே செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். சிலருக்குத் தற்காலிகச் சான்றுதான் கொடுத்திருப்பார்கள். அது ஒன்பதாம் மாதத்தில் காலாவதியானால், வயிற்றோடு மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிடுவது உடம்புக்கு நல்லது.

அப்புறம் இந்த இனிஷியல். கல்யாணத்துக்கு முன் எடுத்த அடையாள அட்டையில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவர் இனிஷியல், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. கணினிக்கு இது மூன்று பெண்கள். கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. என்னைக் கேட்டால், அப்பா இனிஷியலே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். இதில் கணவர்மார்கள் கோபித்துக்கொள்வதும் உண்டு. ஏற்கெனவே மாற்றியிருந்தால் மற்றவற்றையும் அதன்படி மாற்றுங்கள். ஆனால் பேறுகாலத் தவணைகள் பாதியில் இருக்கும்போது எதையும் தொடாதீர்கள்.

பேறுகால உதவியைத் தவறவிடுவது

உதவித்தொகை வாங்குபவர்களுக்குப் பேறுகாலப் பணம் கிடையாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. அது தவறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். மொத்தம் 18,000 மதிப்பு: 14,000 பணமாக, மீதி தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. இதோடு இணைந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில், 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பெண் என்பதே தகுதிகளில் ஒன்று. அதாவது உங்கள் அடையாள அட்டை இங்கே தடையில்லை, நுழைவுச்சீட்டு.

முன்பு ஐந்து தவணையாக வந்த பணம் இப்போது மூன்று தவணை. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. தவணைகள் தடுப்பூசியோடு கட்டிப்போடப்பட்டவை. 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள், ஒன்பது மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. தாய்வீட்டில் இருக்கும்போது அங்குள்ள நர்சம்மாவிடம் ஊசி போட்டுவிட்டு, கர்ப்பத்தைப் பதியும்போது கொடுத்த பிக்மி எண்ணைச் சொல்லாமல் வந்துவிடுவார்கள். குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று, கணினியில் போடவில்லை. பணம் ஏறாது. பிக்மி எண் எழுதிய அட்டையை எந்த ஊருக்குப் போனாலும் கூடவே கொண்டுபோங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள்.

முதலில் கர்ப்பத்தைப் பதிவதையே தள்ளிப்போடுவதும் உண்டு. நடக்க முடியாத பெண் கர்ப்பமானால் ஊர் என்ன சொல்லுமோ என்று நான்கைந்து மாதம்வரை வெளியே சொல்லாத வீடுகள் எனக்குத் தெரியும். எனக்கே மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஒரு ஆஸ்பத்திரி வரிசையில், "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்.

ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள்

பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைக்கப் போகும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கும். சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பள அளவில் பணம் கிடைக்கும். அதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் மொத்தம் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தா காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறாறு மாதம். கர்ப்பம் என்று தெரிந்ததும் உடம்பு முடியவில்லை என்று சம்பளமில்லாமல் நின்றுவிடும் பெண்கள் இந்த 70 நாளைக் கோட்டைவிடுகிறார்கள். நிற்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஊனப் பணமும் பேறுகாலப் பணமும் நேருக்கு நேர் மோதும் ஓர் இடம் உண்டு. மிஷினில் விரல் மாட்டி, வேலைக் காயத்துக்காகத் தற்காலிக ஊன உதவி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பிரசவக் காலமும் வருகிறது என்று வையுங்கள். அதே நாட்களுக்கு இரண்டையும் வாங்க முடியாது. எது வேண்டும் என்று அவள் தேர்ந்தெடுக்கலாம். காயப் பணம் சம்பளத்தில் 90 சதவீதம், பேறுகாலப் பணம் 100 சதவீதம். கணக்குப் போடத் தெரியாதவர்கூட எதை எடுப்பது என்று சொல்லிவிடுவார். ஆனாலும் ஏற்கெனவே வருவது நின்றுவிடுமோ என்ற பயத்தில் 90-ஐயே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தடை தற்காலிக ஊனப் பணத்துக்கு மட்டும்தான், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் வரும் பணத்துக்கு இல்லை. உடம்பு சரியில்லை என்று வாங்கும் நோய்க்காலப் பணம் 70 சதவீதம். அதையும் பேறுகாலப் பணத்தோடு சேர்த்து வாங்க முடியாது.

பணம் வாங்கும் நாட்களில் இடையில் நான்கு நாள் வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாவும் எழுதிக் கொடுக்காதீர்கள். பேறுகால உதவி வாங்கும் காலத்தில் வேலையைவிட்டு நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. இன்னொன்று, சட்டப்படி இப்படிப் பேறுகாலப் பணம் வாங்குபவர்களுக்கு மாத்ரு வந்தனா பணம் கிடையாது. அதை மறைத்து எழுதிக் கொடுக்க வேண்டாம்.

காட்பாடி ரயில்வே, தபால் அலுவலகம் என்று மத்திய அரசு வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளித் தாய்மார்களுக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை மாதாமாதம் குழந்தைப் பராமரிப்புச் சிறப்புப் படி உண்டு. 2017-இல் 3,000 என்று வைத்தார்கள். கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் வரும்.

பிறப்புச் சான்றும் ரேஷன் அட்டையும்

பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பதிவது குழந்தை பிறந்த இடத்தில். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நிற்காதீர்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஜோசியரைப் பார்த்துவிட்டு வைக்கலாம் என்று இழுத்தடித்தால், ரேஷன் அட்டையில் குழந்தையைச் சேர்ப்பதும் கூடவே இழுபடும்.

தனி ரேஷன் அட்டை வாங்கும் அவசரத்தில் தாய்வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிடுவது அடுத்தது. அது மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டையாக இருக்கலாம். புது அட்டையும் அந்தியோதயாவாகத்தான் வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். நீக்கும் முன் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தும் பணம் வராவிட்டால், திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். மனுவோடு அடையாள அட்டை, ஆதார், பாஸ்புக் நகல் இணைத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர்கள் 1100-க்கு அழைக்கலாம். மனுவிலும் ஆதாரிலும் உங்கள் கையில் இருக்கும் போன் நம்பரையே கொடுங்கள். பாதிப் பேர் ஆதாரில் கணவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவரோ பெங்களூரு ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார்.