குழந்தையின் தட்டைத் தலைக்கு ஹெல்மெட்: எப்போது, எப்படி

குழந்தைகளைக் குப்புறக் கிடத்தி உறங்க வைக்கக் கூடாது என்று 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்திய பின்னர், உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அங்கே வெகுவாகக் குறைந்தன. கூடவே, பின்தலை தட்டையான குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. ஆகவே தலை தட்டையாகிறதே என்று அஞ்சி, இரவில் பிள்ளையைக் குப்புறப் போடும் யோசனையை முதலில் கைவிட வேண்டும். மல்லாந்த உறக்கம் உயிரைக் காப்பது. தட்டைத் தலை பெரும்பாலும் தோற்றத்தோடு நிற்பது.

குளிப்பாட்டியதும் முடி ஈரமாக இருக்கும்போது குழந்தையை மடியில் உட்கார வைத்து, உச்சிக்கு நேர் மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கப் பின்தலை தட்டையாகி, அதே பக்கக் காதும் நெற்றியும் சற்று முன்னே தள்ளியிருந்தால், அது பெரும்பாலும் படுக்கையால் வந்த தட்டை. மாறாக அந்தக் காது பின்னோக்கி இழுபட்டிருந்தாலோ, மண்டையோட்டு இணைப்பின் மேல் வரப்புப் போல எலும்பு தட்டுப்பட்டாலோ, உச்சிக்குழி மிக முன்பே மூடியிருந்தாலோ, எலும்பு இணைப்புகள் காலத்துக்கு முன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும். தலையின் வடிவத்தைச் சீராக்க அளவெடுத்துச் செய்து அணிவிக்கும் ஹெல்மெட் மட்டும் அதைத் தீர்க்காது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவும் இருப்பதால், இந்த ஐயத்தை அங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஹெல்மெட் செய்பவரிடம் போவது அதன் பிறகுதான்.

நான்கு மாதம் ஆகும் வரை செலவில்லாத வழிகளையே முயல வேண்டும். குழந்தை வெளிச்சமும் தாயும் இருக்கும் பக்கமே பார்த்துக் கிடக்கும் என்பதால், பாயில் தலைமாட்டையும் கால்மாட்டையும் நாளுக்கு நாள் மாற்றிப் போடுங்கள். விழித்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலிருக்க, பல முறை சிறிது சிறிது நேரம் குப்புறக் கிடத்துங்கள். சேலைத் தூளியில் தலையைத் திருப்ப இடமில்லாததால் நீண்ட உறக்கத்துக்கு அது ஏற்றதன்று. குளிப்பாட்டும் பாட்டி தலையை உருண்டையாக்குவதாக அழுத்திப் பிடிப்பதையும் கனிவாகத் தடுத்துவிடுங்கள். கடுகுத் தலையணையும் வேண்டாம். தலையை வடிவமைப்பதாக விற்கப்படும் தலையணைகளால் மூச்சுத் திணறல் நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. குழந்தை எப்போதும் ஒரே பக்கம் கழுத்தைச் சாய்த்திருந்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதைப் பிசியோதெரபியால் தளர்த்தாமல் ஹெல்மெட்டை மட்டும் நம்புவது வீண்.

இவ்வளவுக்குப் பின்னும் கோணல் கணிசமாக இருந்தால்தான் ஹெல்மெட்டைப் பற்றிப் பேச வேண்டும். அது மண்டையை நசுக்குவதில்லை. புடைத்த இடத்தைத் தொட்டு நின்று, தட்டையான இடத்தில் வெற்றிடம் விடுகிறது, வளரும் தலை அந்த வெற்றிடத்தை நோக்கி நிரம்புகிறது. வேலையைச் செய்வது வளர்ச்சிதான் என்பதால், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஒரு வயதுக்குப் பின் ஏறக்குறைய இல்லை. நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் ஹெல்மெட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2016-இல் வந்த அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டியோ, பிற வழிகளில் சீராகாத மிதமான, கடுமையான கோணலுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. ஆகவே இலேசான தட்டைக்குக் கடன் வாங்கி ஹெல்மெட் போட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அளவெடுத்துச் செய்த ஹெல்மெட்டை முதல் நாளிலேயே நாள் முழுவதும் மாட்டிவிடக் கூடாது. ஒரு மணி நேரம் அணிவித்து, ஒரு மணி நேரம் கழற்றி, சில நாட்களில் படிப்படியாக 23 மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கழற்றும்போதெல்லாம் தோலைப் பாருங்கள்: சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை, மறையாவிட்டாலோ, தோல் உரிந்தாலோ, மீண்டும் மாட்டாமல் செய்தவரிடம் கொண்டுபோய் உட்புறத்தைச் சீவித் திருத்தச் சொல்லுங்கள். தலை வளர வளர, ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை இத்திருத்தம் எப்படியும் தேவைப்படும்.

நம் ஊரில் பெரும்பாடு வியர்வைதான். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் ஒற்றை மெல்லிய பருத்திச் சட்டையும் மின்விசிறியும் போதும். ஹெல்மெட்டுக்குள் தொப்பியோ துணியோ வைக்காதீர்கள். கழற்றி வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எண்ணெய் தேய்க்காமல் தலையைக் குளிப்பாட்டி நன்கு உலர்த்துங்கள். ஹெல்மெட்டின் உட்புறத்தைச் செய்தவர் சொன்ன திரவத்தால் துடைத்துக் காற்றாட விட்டு, ஈரம் போன பிறகே மாட்டுங்கள். பவுடர், நெற்றி மை, சாந்துப் பொட்டு எதுவும் விளிம்புக்கு அடியில் சிக்கக் கூடாது. திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தால் கழற்றிவிட்டு, தணிந்த பின் தொடருங்கள்.

குலதெய்வத்துக்கோ அழகருக்கோ முடியிறக்கும் நேர்த்திக்கடன் பல வீடுகளில் சரியாக இந்த மாதங்களில்தான் வரும். முடிந்தால் அளவெடுப்பதற்கு முன்பே மொட்டை போட்டுவிடுங்கள். இல்லையேல் ஹெல்மெட் செய்தவரிடம் முன்கூட்டியே சொல்லி, முடியிறக்கிய பின் பொருத்தத்தைச் சரிபார்க்கச் செய்யுங்கள், சவரக் காயம் ஆறும் வரை மாட்டாதீர்கள். விசேஷ வீட்டில் “பிள்ளைக்கு அடிபட்டுச்சா?” என்று பத்துப் பேர் கேட்பார்கள் என்பதற்காக அன்று முழுக்கக் கழற்றி வைக்கும் வழக்கத்தை மட்டும் தொடங்க வேண்டாம். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் அணிய வேண்டியிருக்கும். அடுத்தடுத்த அளவுகளில் மாற்றம் நின்றுவிட்டால், மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடலாம், ஆனால் கழுத்துப் பயிற்சியைத் தசை முழுமையாகத் தளரும் வரை விடாமல் செய்து வாருங்கள்.